உன் அக்கா முதற்கதிர் இல்லை

அன்புள்ள டேனி,

இவ்வளவு இரவான பிறகு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் தங்கச்சி கிருபாவுக்கு மறுபடியும் இளைப்பு. ஆவி பிடித்து, முதுகைத் தடவிக் கொடுத்து, இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். அவள் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும், எனவே நான் எப்படியும் தூங்கப்போவதில்லை. உன் அப்பா தேயிலைப் பெக்டரியிலிருந்து வந்து சாப்பிட்டதும் படுத்துவிட்டார். போனில் தட்டினால் எனக்குக் கோபம் மட்டும்தான் வருகிறது, நினைத்தது வருவதில்லை. அதனால் கையால் எழுதுகிறேன். காலையில் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே.

சாயங்காலம் லில்லி அத்தை உன் பிரசங்கத்தை எனக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு குரல் பதிவு. "தங்கச்சி, நம்ம புள்ள எழுதுனத பாத்தியா? நான் ரெண்டு மூணு எடத்துல திருத்திக் குடுத்துருக்கேன். நீயும் ஒருக்கா பாத்து வை." நீ இறையியல் கல்லூரிக்குப் போய் எழுதும் முதல் பிரசங்கம். வருகிற ஞாயிறு பதுளைச் சபையில் அறுப்புப் பண்டிகையில் நீ பேசப்போகிறாய் என்பது எனக்குத் தெரியும், நீதான் சொன்னாய். ஆனால் எழுதியதை முதலில் அத்தைக்கு அனுப்பியிருக்கிறாய் என்பதை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "ஒருக்கா பாத்து வை" என்றால், எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடியில் இருக்கிறதை வழித்துக்கொள் என்கிற மாதிரி இருந்தது. இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இருவது வருசமா ஒரே வழக்கு. நீதிபதிகூட ரிட்டயராயிருப்பான்" என்றார்.

எனக்குப் பொறாமைதான். நான் படித்தவள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், அதனால் அதற்கு வேறு நல்ல பெயர் வைக்கத் தெரியும். வைக்க விருப்பமில்லை. உனக்கு மூன்று வயதாகும்போது எனக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அத்தைக்குப் பிள்ளை இல்லை, பதுளையில் சொந்த வீடு இருந்தது, மனமும் இருந்தது. "நீ போய்ப் படி, இவன நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். நான் படித்து முடித்து வந்தபோது உனக்கு டவுன் பள்ளிக்கூடம் பிடித்துப்போயிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது அஞ்சாம் வகுப்புக்கு மேல் இல்லை. எல்லாம் நியாயமாகத்தான் நடந்தது. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு காரியம் நடந்துவிட்டால் அதை மறப்பதுதான் ரொம்பக் கஷ்டம், டேனி. கோபப்படவாவது ஒரு ஆள் வேண்டாமா?

பூசணிக்காய் கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நமக்கிருந்த அந்தத் துண்டு நிலத்தில், விடுமுறைக்கு வந்தபோது நீ ஒரு விதை ஊன்றினாய். நீ போன பிறகு தண்ணி ஊற்றினது, பன்றி வராமல் முள் அடைத்தது எல்லாம் நான். அந்தக் கொடியில் முதலில் காய்த்ததைத் தோட்டத்துச் சபையின் அறுப்புப் பண்டிகைக்குக் கொண்டுபோனோம். மற்றவர்கள் போஞ்சி, கேரட், கோவா என்று காய்கறி கொண்டுவந்தார்கள், ஒருத்தர் சேவல். தேயிலைக் கொழுந்து மட்டும் யாரும் கொண்டுவர முடியாது, அது கம்பனியுடையது. ஆராதனை முடிந்து காணிக்கைகளின் ஏலம் ஆரம்பித்தது. பண்டிகைக்கென்று பதுளையிலிருந்து வந்திருந்த அத்தை பூசணிக்காய்க்குக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அத்தை ஏற்றினார், நானும் ஏற்றினேன். ஏலம் விட்ட மூப்பர், "என்னம்மா இது, கொண்டு வந்தவங்களே கேக்குறீங்க. குடுத்தத ஆண்டவர் திருப்பி விக்கிறதில்ல" என்றார். சபையே சிரித்தது. அத்தையும் சிரித்துக்கொண்டே, "எம் மருமகன் நட்ட காய், எங்க வீட்டுக்குத்தான் வரும் மூப்பரே" என்றார். நான் கையை இறக்கிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்புத்தளை ஸ்டாண்டில் நீ பஸ்ஸில் ஏறி, மடியில் அந்தக் காயை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பஸ் கிளம்பும்போது நீ எனக்குக் கை காட்டவில்லை. கை காட்டினால் காய் உருண்டுவிடும் என்று பயந்திருப்பாய். அது இப்போது புரிகிறது. அன்றைக்கு, நான் வளர்த்த இரண்டும் ஒரே பஸ்ஸில் போகின்றன என்று மட்டும்தான் தோன்றியது.

சரி, பிரசங்கத்துக்கு வருகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. பழைய இஸ்ரவேல் ஜனங்கள் புது விளைச்சலில் முதல் கதிர்க்கட்டை அறுத்து ஆசாரியனிடம் கொடுப்பார்கள், அவன் ஓய்வுநாளுக்கு மறுநாள் அதைக் கடவுளுக்கு முன்பாக அசைத்துக் காட்டுவான், அதுவரைக்கும் அந்தப் புது விளைச்சலில் அப்பமோ வறுத்த கதிரோ பச்சைக் கதிரோ யாரும் வாயில் வைக்கக் கூடாது. இதைச் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்லியிருக்கிறாய். அந்தக் கதிரை அசைக்கிற யூதர்களின் பஸ்காப் பண்டிகையை ஒட்டி இயேசு மரித்ததும், ஓய்வுநாளுக்கு மறுநாள் எழுந்ததும், பவுல் அவரை மரித்தோரில் முதற்பலன் என்று சொன்னதும் ஒன்றோடொன்று வந்து பொருந்துகிற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அத்தை திருத்தின இடங்களையும் பார்த்தேன். சந்திப்பிழைகள். அவ்வளவுதான்.

ஒரு ஆசிரியையாக எனக்கும் சொல்வதற்கு இருக்கிறது. "இது உயிர்த்தெழுதலை நிரூபிக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதாதே. அந்தச் சட்டத்தை எழுதினவர்கள் வயலையும் மழையையும் கடவுளுடைய தயவையும் நினைத்துத்தான் எழுதினார்கள். அங்கே கல்லறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்த ஓய்வுநாளுக்கு மறுநாள் என்பதில்கூட யூதர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இருந்ததில்லை. அந்தக் கதிருக்கு அவர்கள் வைத்திருக்கிற அர்த்தம் அவர்களுக்கு நிறைவானது, நம்மை எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருந்த குறையான அர்த்தம் இல்லை. நாம் காலியான கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறோம், அப்போது அந்தக் கதிர் வேறு மாதிரி தெரிகிறது. "நாம் அப்படிப் பார்க்கிறோம்" என்று சொல். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது. முன்வரிசையில் இருக்கிற யாராவது படித்தவர்கள் மடக்கிவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. நீ மேடையில் நிற்கும்போது யாரும் உன்னை மடக்கிவிடக் கூடாது.

நான் தூங்காமல் உட்கார்ந்திருப்பது அதற்காக இல்லை. கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருக்கிற அந்த ஒரு வரிக்காக. "எங்கள் வீட்டிலும் கடவுள் ஒரு முதற்கதிரைக் கேட்டார், என் பெற்றோர் என் அக்கா எஸ்தரை அவருக்குக் கொடுத்தார்கள்." நீ அதை நல்ல மனதோடுதான் எழுதியிருப்பாய். அதை வாசிக்கும்போது பதுளைச் சபையில் கைக்குட்டைகள் வெளியே வரும். லில்லி அத்தை அந்த வரிக்குப் பக்கத்தில் "அருமை" என்று எழுதியிருக்கிறார்.

நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள் எஸ்தர். அவளைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை, அதனால் நீ மற்றவர்கள் பேசியதை எடுத்துக்கொண்டாய். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தவழ ஆரம்பித்திருந்தாள். மழைக் காலம், நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவளை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன், என் மூச்சுச் சூட்டில் அவளுக்குச் சுலபமாகும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவளை என் கையிலிருந்து வாங்கினார்கள். நான் கொடுக்கவில்லை, டேனி. வாங்கினார்கள். இந்த வித்தியாசம் உன் பிரசங்கத்தில் இல்லை.

அடக்கத்தன்று ஒரு பெரியவர் வந்து என் தலையில் கை வைத்து, "முதற்பலன் ஆண்டவருக்குரியது மகளே, சந்தோசமா குடுத்துடு" என்றார். என் மடியில் அவளுடைய சட்டை இருந்தது. அப்பா அந்தப் பெரியவரைப் பார்த்து, மரியாதையாகவே, "ஐயா, நீங்க அந்தப் பக்கம் ஒக்காருங்க. அவ இப்ப எதையும் குடுக்குற நெலமையில இல்ல" என்றார். உன் அப்பா பெரிய விசுவாசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அவர் அன்றைக்குச் சொன்னது போதும்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் எனக்குக் கடவுள்மேலேயே பொறாமை. ஒரு பிள்ளை அவரிடம், நீ அத்தையிடம். அறுப்புப் பண்டிகை என்று அறிவித்தாலே அன்றைக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடுவேன். பிறகு கலாசாலையில் படிக்கும்போது, விடுதியில் நீயும் இல்லாத அறையில் உட்கார்ந்து, அந்தச் சட்டத்தை நானே தேடி வாசித்தேன். கதிரைக் கொடு என்று சொல்கிற அதே மோசேயின் சட்டம், மனுஷருடைய தலைப்பிள்ளையை விலை கொடுத்து மீட்டுக்கொள் என்றும் சொல்கிறது. கடவுளுக்குரியது என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தாயோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கிற சட்டம் அது. அந்தப் பெரியவர் அந்த இடத்தை வாசித்திருக்கவில்லை. நீ வாசித்திருக்க வேண்டும், நீ கல்லூரியில் படிக்கிறாய்.

இன்னொரு பொறாமை இருக்கிறது, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஈஸ்டர் விடியலில் நம் தோட்டத்துக் கல்லறையில் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்போமே, பனியில் பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியாமல். ஒரு வருஷம் அங்கே பாட்டுப் பாடும்போது எனக்கு இயேசுவின் தாயை நினைத்து எரிச்சலாக வந்தது. அவளுக்குப் பிள்ளை மூன்றாம் நாளே திரும்பக் கிடைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் என்ன அப்படி? நான் எத்தனை வருஷமாக இந்தச் சின்ன மேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்? கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு மரியாள்மேல் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாய் பாடியது, மனசு சண்டை போட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலங்களைத் தாண்டி வந்தேன். நம் போஞ்சியை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவின் போஞ்சி. இரண்டு பேரும் ஒரே பொட்டலத்து விதையைப் பங்கு போட்டு ஒரே கிழமையில் ஊன்றியது. அவருடைய கொடியில் ஒரு கொத்து பறிக்கிற பதத்தில் தொங்கியது, நம்முடையதில் பூதான். நான் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு செல்லம்மாக்கா உள்ளேயிருந்து, "டீச்சர், கண்ணு வைக்காதீங்க. ஒரே வெதை, ஒரே மழை. இன்னைக்கு இங்கன்னா நாளைக்கு அங்க" என்றார். அவர் கோயிலுக்குப் போகிறவர், நம்முடைய ஈஸ்டர் பற்றி ஒன்றும் தெரியாது. காயைப் பற்றித்தான் பேசினார்.

பக்கத்து வீட்டுப் போஞ்சி முந்திக் காய்த்தால் பொறாமை வரும். ஆனால் அது வெறும் பொறாமை இல்லை. நம்முடையது காய்க்கவே காய்க்காது என்றால் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டோம். அதே விதை நம் மண்ணிலும் இருக்கிறது என்பதால்தான் அதை அத்தனை ஆசையாகப் பார்க்கிறோம். முதற்கதிர் என்றால் இதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆசாரியன் கையில் அசைகிற கட்டு வயலிலிருந்து வேறான ஒன்று இல்லை, அதே வயலில் முந்தி விளைந்தது. அவன் அதை அசைக்கும்போது வயல் முழுக்க இன்னும் நிற்கிறது, யாரும் ஒரு மணிகூடத் தின்னவில்லை. அந்த முதற்கதிர் அவர் ஒருவர்தான். மரியாளின் மகன். எஸ்தர் முதற்கதிர் இல்லை, டேனி. அவள் வயலில் நிற்கிறாள். நாம் யாரும் அவளைக் கொடுத்துவிடவில்லை. நாம் அவளுக்காகக் காத்திருக்கிறோம். கொடுத்துவிட்டவர்களுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை, பார். அந்த வரி என்னிடமிருந்து அதைத்தான் எடுத்துவிடுகிறது.

அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது என்று நீ கேட்பாய். நான் ஒன்று தருகிறேன், இதை அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறுப்பு என்றால் விளங்காது. வாரா வாரம் பறித்துக்கொண்டே இருக்கிற தேயிலைக்கு முதல் அறுப்பு எங்கே? ஆனால் கவ்வாத்து வெட்டின மலை எல்லாருக்கும் தெரியும். செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிய பிறகு மலை முழுக்க வெறும் குச்சி, எரிந்துபோன மாதிரி. பிறகு ஒரு நாள் ஒரு செடியில் ஒரே ஒரு சிவந்த துளிர். கங்காணி அதைப் பார்த்துவிட்டு, "மலை வந்துருச்சு" என்பார். ஒரு செடி வந்துருச்சு என்று சொல்வதில்லை. மலை வந்துருச்சு என்றுதான் சொல்வார். அதைச் சொல். செடி நிஜமாகச் செத்திருக்கவில்லை, வேர் உயிரோடுதான் இருந்தது, எஸ்தருடைய காரியம் அப்படி இல்லை, ஆகவே இந்த உவமை பாதி வழிதான் வரும் என்பதையும் சேர்த்துச் சொல். மீதி வழிக்குத்தான் விசுவாசம் என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். உன் பிரசங்கம்.

முதல் பிரசங்கத்தை நம் சபையில் வைத்திருக்கலாமே என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது கேட்கப்போவதில்லை. பதுளையிலேயே பேசு. அத்தை உனக்குச் சோறு போட்டார், காய்ச்சலில் உன்னோடு விழித்திருந்தார், அவர் முன்வரிசையில் உட்காரட்டும். நானும் வருவேன், கிருபாவுக்கு மூச்சு நன்றாக இருந்தால். அத்தைக்குப் பக்கத்தில் உட்காருவேனா என்று மட்டும் இப்போது கேட்காதே. கடைசி வரிசையிலிருந்தும் உன் குரல் கேட்கும். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது என்னோடு பஸ் ஏறி வரும். ஆனால் அதே சபையில் உன் வாயிலிருந்து, நான் எஸ்தரைக் கொடுத்துவிட்டேன் என்று என் காதால் கேட்க என்னால் முடியாது. எழுந்து வெளியே போய்விடுவேன். அத்தனை பேர் முன்னால் உனக்கு அப்படி நடக்கக் கூடாது.

கிருபா புரண்டு படுத்துவிட்டாள். இப்போது மூச்சில் அந்த இழுப்புச் சத்தம் இல்லை.

அந்த வரியை எடுக்கிறாயா இல்லையா என்று ஞாயிறுக்கு முன்பு எனக்கு எழுது. அத்தையிடம் சொல்லி அனுப்பாதே, எனக்கே எழுது. நாளைக்கே எழுதினால் நல்லது.

அம்மா